புதிய பதிப்புக்கு மாறுவதா? கல்லாவிலிருந்து தொடங்கும் கணக்கு

சென்னை மண்ணடியின் இரும்புக் கடைகளுக்கும், வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையின் ஜவுளிக் கடைகளுக்கும், துறைமுகத்தை ஒட்டி இயங்கும் சுங்க முகவர்களுக்கும் பில்லிங், கிடங்கு இருப்பு, ஆவணத் தயாரிப்பு ஆகியவற்றுக்கான மென்பொருளை எழுதித் தரும் சிறு குழுக்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நிரல்மொழி, நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலர், ஆயத்த நிரல் தொகுப்பான லைப்ரரி என எதற்குப் புதிய பதிப்பு வந்தாலும், அதில் என்னென்ன புதிதாகச் சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியலைப் படித்துவிட்டு முடிவெடுப்பதே பலருடைய வழக்கம். நான் பரிந்துரைப்பது இதற்கு நேர் எதிரான வரிசை: முதலில் வாடிக்கையாளரின் கல்லாவில் இருக்கும் கணினியைப் பாருங்கள், அடுத்து உங்கள் மேசையைப் பாருங்கள், அந்தப் பட்டியலைக் கடைசியாகப் படித்தால் போதும்.

கல்லாவிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பைத்தான் நிரல்மொழியில் விண்டோஸ் 7 இல் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பு 3.8, அதற்குப் பிந்தைய 3.9 அங்கே ஓடாது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் 14 க்குக் குறைந்தது விண்டோஸ் 8.1 வேண்டும். குரோம் உலாவியும் 109 ஆம் பதிப்போடு விண்டோஸ் 7 ஐக் கைவிட்டுவிட்டது என்பதால், உலாவியில் இயங்கும் பில்லிங் என்றாலும் தப்பிக்க வழியில்லை. ஆனால் 2019 இல் வெளிவந்த, மைக்ரோசாஃப்ட்டின் நிரல் தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8, சர்வீஸ் பேக் 1 இட்ட விண்டோஸ் 7 இலும் ஓடும். விண்டோஸின் ஓர் உறுப்பாகவே அது ஆதரிக்கப்படுவதால், அதில் எழுதிய நிரலை அவசரமாக எங்கும் நகர்த்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு கடையிலும் எந்த விண்டோஸ், எத்தனை ஜிபி ரேம், 32 பிட்டா 64 பிட்டா, எந்தப் பிரிண்டர் என்பதை நேரில் சென்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருவதுதான் முதல் வேலை. தொலைபேசியில் கேட்டால் "எல்லாம் புதுசுதான்" என்றுதான் பதில் வரும்.

இரண்டாவது, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவிக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த நாள்வரை வரும் என்பதைக் கண்டறிவது. பைத்தான் 2 க்கு 2020 ஜனவரி 1 உடனும், இணைய நிரல்மொழியான பிஎச்பி 7.4 க்கு 2022 நவம்பரிலும், பைத்தான் 3.8 க்கு 2024 அக்டோபரிலும் அது முடிந்துவிட்டது. டாட்நெட் ஃபிரேம்வொர்க்குக்குப் பின்வந்த தனித் தளமான டாட்நெட் 8 க்கு 2026 நவம்பர் வரை உண்டு. இந்த நாள்களைக் கடைத் தாளின் அருகே வைத்துப் பார்க்கும்போதுதான் உண்மையான சிக்கல் தெரியவரும். விண்டோஸ் 7 வைத்திருக்கும் கடைக்காக நீங்கள் பைத்தான் 3.8 இலேயே நின்றால், விண்டோஸ், பைத்தான் இரண்டுமே திருத்தம் வராதவை. முன்னதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. அப்போது எழுவது பைத்தானைப் பற்றிய கேள்வி அன்று; கடைக்காரர் கணினியை மாற்றுவாரா என்ற கேள்வி.

அந்தக் கணினி இணையத்தோடு சேராமல் பில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால், பழையதிலேயே இன்னும் சில காலம் விட்டுவைப்பதில் பெரிய தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், வணிகர்களுக்கிடையேயான விற்பனைக்கு மின்-விலைப்பட்டியல் எடுப்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். மண்ணடியில் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் இரும்புக் கடை இந்த வரம்பை எளிதில் தாண்டும் என்பதால், அங்குள்ள கணினியை இணையத்திலிருந்து பிரித்துவைக்க இயலாது. அத்தகைய இடத்தில் புதிய கணினியின் விலையையும் மாற்றத்துக்கான உங்கள் கூலியையும் சேர்த்து ஒரே மதிப்பீடாக எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

திருத்தம் இன்னும் வந்துகொண்டிருக்கும் கருவி என்றால், பழைய பதிப்பு உங்களை எந்த வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் மாற வேண்டாம். நிரலைத் தட்டச்சு செய்யும் எடிட்டருக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை. அது வாடிக்கையாளரிடம் போவதில்லை, அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

மைக்ரோசாஃப்ட்டின் பழைய நிரலாக்கக் கருவியான விஷுவல் பேசிக் 6 பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1998 இல் வந்த அந்தக் கருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அதில் எழுதிய நிரல்களை ஓட்டும் பகுதியை விண்டோஸ் 11 வரை மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கிறது. "ஓடுகிறதே, ஏன் தொட வேண்டும்" என்ற வாதத்துக்கு வலுவிருப்பது இதனால்தான். அதன் திரைக் கட்டுப்பாடுகள் யுனிகோடைக் காட்டாதவை என்பதால், தமிழில் பில் அடிக்கும் பழைய நிரல்கள் பெரும்பாலும் டாம், டாப் போன்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் அமைந்த எழுத்துருக்களை நம்பியிருக்கும். புதிய கருவிக்கு மாறும்போது நிரலை மட்டுமன்றி, தரவுத்தளத்தில் உள்ள சரக்குப் பெயர்கள், வாடிக்கையாளர் முகவரிகள் அனைத்தையும் யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இந்த வேலையை மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டால், கூலியில் பாதி அதிலேயே கரைந்துவிடும்.

மாறுவது என்று முடிவான பின்னும், வெளிவந்த அன்றே ஓடிப்போய் நிறுவ வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளவழி புகுத்தியிருந்தது தெரியவந்தபோது, சிக்கிக்கொண்டவர்கள் லினக்ஸின் சோதனைப் பதிப்புகளிலும் உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் வகைகளிலும் இருந்தவர்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பில் இருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. பெரிய பதிப்பு ஒன்று வந்தால், அதன் முதல் ஓரிரு சிறு திருத்தங்கள் வரும்வரை பொறுத்திருக்கலாம். அறியப்பட்ட பாதுகாப்புக் குறையை அடைக்கும் திருத்தத்துக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. 2021 டிசம்பரில் ஜாவா நிரல்களில் பயன்படும் லாக்4ஜே என்ற லைப்ரரியின் பாதுகாப்புக் குறை வெளிவந்தபோது காத்திருந்தவர்களுக்குத்தான் ஆபத்து.

சோதனையை மாதிரி நிரலில் செய்யாதீர்கள். உங்களிடம் உள்ளவற்றிலேயே மிகச் சிக்கலான கடையின் நிரலை எடுத்து, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் தனிக் கிளை போட்டு (பழையதைத் தொடாத தனிப் பிரதி), புதிய பதிப்பில் பில்டு செய்து, அதாவது ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றி, சென்ற மாதப் பில்கள் அனைத்தையும் மீண்டும் ஓட்டி, மொத்தங்களைப் பழையவற்றோடு ஒப்பிடுங்கள். பைத்தான் 2 இல் 2.5 ஐ முழு எண்ணாக்கினால் 3 வரும், பைத்தான் 3 இல் 2 வரும். 5 ஐ 2 ஆல் வகுத்தால் முன்னதில் 2, பின்னதில் 2.5. வரிக் கணக்கில் இத்தகைய வேறுபாடு பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் உள்ளே நுழையும். எடை இயந்திரம், தெர்மல் பிரிண்டர் ஆகியவற்றுக்கான டிஎல்எல் எனப்படும் 32 பிட் துணைநிரல் கோப்புகளை 64 பிட் நிரல் ஏற்காது என்பதால், அவற்றைக் கடையிலேயே இணைத்துப் பார்க்க வேண்டும்.

நாள் குறிப்பதில் எம்.சி. சாலையின் நாட்காட்டியைப் பின்பற்றுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், மார்ச் கணக்கு முடிப்பு ஆகிய காலங்களில் எதையும் தொடாதீர்கள். அரசின் அறிவிப்புக்கும் இடம் விட்டு வைக்க வேண்டும்: 2025 செப்டம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்ட ஜிஎஸ்டி விகித மாற்றம் செப்டம்பர் 22 முதலே நடைமுறைக்கு வந்தது, 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 என்று, தீபாவளி விற்பனை சூடுபிடிக்கும் நேரத்தில் விகிதங்களைத் திருத்த வேண்டியிருந்தது. அப்படியொரு வாரத்தில் நிரல் பழைய பதிப்பிலும் பில்டு ஆகாமல் புதியதிலும் ஆகாமல் பாதி வழியில் நின்றால், கடைக்காரரிடம் சொல்ல உங்களிடம் பதில் இருக்காது. எனவே புதிய கிளை முழுமையாகத் தேறும்வரை, பழைய கிளையில் ஒரு திருத்தத்தைச் செய்து அன்றே கடைக்கு அனுப்பக்கூடிய நிலை தொடர்ந்து இருக்க வேண்டும்.

ஒரு கடையில் மட்டும் முதலில் மாற்றுங்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய கடையாக இருந்தால் நல்லது. பழைய பதிப்பின் நிறுவுகோப்பையும், அது சார்ந்த லைப்ரரிகளையும், இணையமின்றி நிறுவக்கூடியபடி தனி வட்டில் சேமித்துவிடுங்கள். அந்த மாதத்துக்கான ஜிஎஸ்டி கணக்குப் படிவங்களான ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி இரண்டும் தாக்கலாகி, தொகைகள் கடையின் கணக்காளரிடம் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகே அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.