செத்தவீட்டில் கடதாசி முதல், நேரம் பிறகு

எங்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டில் ஒருவர் கண்ணை மூடியதும் கை முதலில் போவது ஃபோனுக்குத்தான். கனடாவுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, அங்கிருந்து உடனே திருப்பிக் கேட்பார்கள், "எப்ப எடுக்கிறியள்?" நேரம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். உடலை எடுக்கலாம் என்ற கடதாசி கையில் வந்த பிறகு சொல்லுங்கள்.

எங்கள் பெரியப்பாவுக்கு நாங்கள் அந்தப் பிழையை விட்டோம். விடியப்புறம் கட்டிலால் இறங்கும்போது விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டார். வயது 80 தாண்டிவிட்டது, ஏற்கெனவே வருத்தக்காரர், இதில் யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து மறுநாள் காலை 10 மணிக்குக் கிரியை என்று பேப்பருக்கும் கொடுத்துவிட்டோம். விழுந்தவர் என்றால் விசாரணை வரும் என்பது ஒருவருக்கும் ஓடவில்லை. பொலிஸ், திடீர் மரண விசாரணை அதிகாரி, அப்புறம் சட்ட வைத்திய அதிகாரி என்று ஒவ்வொன்றாக முடிந்து உடல் கைக்கு வரும்போது மறுநாள் பின்னேரம். 10 மணிக்கு வந்த சனம் பந்தலுக்குக் கீழே தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

வருத்தத்தால் ஆஸ்பத்திரி வார்ட்டில் இறந்தால் காரணம் எழுதிய கடதாசியை அங்கேயே தருவார்கள், அதை வைத்துப் பதிவு நடக்கும். வீட்டில் இறந்தால் முதலில் கிராம அலுவலரிடம் போங்கள் (எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர் இன்னும் விதானையார்தான்), அவருடைய அறிக்கையோடு உங்கள் பிரிவின் பதிவாளரிடம் 5 நாட்களுக்குள் பதிய வேண்டும். விபத்து, விழுந்தது, தற்கொலை, திடீரென்று போனது, இதில் எதுவென்றாலும் விசாரணை முடியாமல் உடலை எரிக்க முடியாது. சந்தேகம் ஏதும் இருந்தால் எரிக்காமல் புதைக்கச் சொல்லி நீதவான் கட்டளையிடவும் கூடும், ஆகவே அதைக் கேட்டு உறுதிப்படுத்த முதல் விறகுக்குக் காசு கட்ட வேண்டாம்.

பதிவுக்குப் போகிறவர் அழுதுகொண்டிருக்கிற மகனாக இல்லாமல், கொஞ்சம் நிதானமான மருமகனாகவோ பெறாமகனாகவோ இருந்தால் நல்லது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் கொடுத்து அனுப்புங்கள். எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறினாலும் பென்சன், வங்கிக் கணக்கு, காணி உறுதி என்று ஒவ்வொரு இடத்திலும் அது வந்து நிற்கும், திருத்துவதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். மரணச் சான்றிதழில் நாலைந்து பிரதியாவது ஒன்றாக எடுத்து வையுங்கள்.

எங்கே எரிப்பது என்பது அடுத்தது. ஊர் மயானம் என்றால் அதைப் பார்க்கிற சபையோடும் கட்டை அடுக்குகிறவரோடும் முதல் நாளே கதையுங்கள். ஊரில் மரண உதவிச் சங்கம் இருந்து சந்தாவும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் பாதி வேலையை அவர்களே பார்த்துவிடுவார்கள். மாரி காலத்தில் ஈர விறகு பெரிய தலைவலி. பெரியப்பாவைக் கொண்டுபோனபோதும் மழை. கட்டை அடுக்குகிறவர் ஒரு கட்டையைத் தூக்கி இன்னொன்றில் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாக வந்ததை எல்லாம் ஒருபக்கம் எறிந்துவிட்டு, அடியில் காய்ந்ததை மட்டும் வைத்துத்தான் அடுக்கினார். அவர் சொல்வதைக் கேளுங்கள், செலவு மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

தகனசாலை என்றால் யாழ்ப்பாண மாநகர சபையின் கோம்பயன்மணல் மயானம் இருக்கிறது. (அரியாலை சித்துப்பாத்தி மயானத்திலும் ஒன்று கட்டத் தொடங்கினார்கள், 2025 பெப்ரவரியில் அதற்கு வெட்டியபோதுதான் செம்மணி மனிதப் புதைகுழியின் எலும்புகள் வெளியே வந்தன.) தகனசாலையில் உங்களுக்கு ஒதுக்கிய நேரம் இருக்கும், வீட்டில் சுண்ணம் இடித்து, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து, வாய்க்கரிசி போட்டு முடிய எவ்வளவு செல்லும் என்று சைவக்குருக்களிடம் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பாருங்கள். பேப்பருக்குக் கொடுக்கிற நேரமும் அதுதான்.

ஒன்றை மறக்கவே கூடாது. இறந்தவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் வைத்தியரிடமும் மலர்ச்சாலைக்காரரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். அதன் பற்றரி நெருப்பில் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. நகையை வீட்டிலேயே கழற்றி, இரண்டு பேர் பார்க்க ஒருவரிடம் கொடுங்கள். பிறகு வருகிற சண்டையில் பாதி இல்லாமல் போகும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக வைத்திருப்பது என்றால் உடலை எம்பாம் பண்ண வேண்டும். இரண்டு மூன்று நாள் என்றால் சரி. விசா இன்னும் கிடைக்காத பிள்ளைக்காக ஒரு கிழமை வைத்திருந்து, கடைசியில் அவரும் வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் கையில் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

காடாத்து (சாம்பல் அள்ளுகிற சடங்கு) எப்போது என்று குருக்களிடமும் மயானத்திலும் சேர்த்துக் கேட்டு வையுங்கள். பின்னேரம் மூட்டிய கட்டை விடிந்தும் சூடாகத்தான் இருக்கும். சாம்பலைக் கீரிமலையில் கரைப்பதுதான் வழமை, 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் அங்கேதான் போக வேண்டிவரும். யாராவது கொஞ்சத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால், கரைக்க முதலே எடுத்து வையுங்கள், செம்பில் வேண்டாம், உலோகம் என்றால் விமான நிலைய ஸ்கேனரில் உள்ளே இருப்பது தெரியாது. மரப் பெட்டி போதும், மரணச் சான்றிதழும் தகனம் செய்த பற்றுச்சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.