தட்டு வைக்கும் கணக்கு

மூன்றரை வயதில் என் மகள் ஒன்றிலிருந்து இருபது வரை மூச்சு விடாமல் சொல்வாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் "மூணு ஸ்பூன் எடுத்துட்டு வாம்மா" என்றேன். கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நின்றாள். அப்போதுதான் உறைத்தது, அவளுக்கு அது கணக்கு இல்லை, பாட்டு.

அது குறை ஒன்றும் இல்லை. எண்களை வரிசையாகச் சொல்வது வேறு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது வேறு. பல பிள்ளைகளுக்கு இரண்டாவது பிடிபட மூன்றரை, நாலு வயதாகிவிடும். ஒப்பிக்க வைத்தால் வராது, கையில் பொருள் வேண்டும்.

நாங்கள் சாப்பாட்டுத் தட்டில் ஆரம்பித்தோம். எண்ணே சொல்லவில்லை. "தாத்தாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு" என்று ஆளுக்கொரு தட்டு வைப்பது அவள் வேலை. சில நாள் கழித்து, வேண்டுமென்றே ஒரு டம்ளர் குறைத்துக் கொடுத்தேன். "யாருக்கு இல்ல?" என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமே இதில்தான். என் மாமியார் பதிலை எடுத்துக் கொடுக்கப் போனார், கண்ணைக் காட்டி நிறுத்தினேன். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "பாட்டிக்கு!" என்றாள்.

இது பழகியதும் வெங்காயம், உருளைக்கிழங்கு என்று எண்ணிக் கொண்டுவரச் சொல்லலாம். இரண்டு சரியாக வந்த பிறகு மூன்று. தப்பாக வந்தால் திட்டாமல், சேர்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, "மொத்தம் மூணு" என்று முடியுங்கள்.

அப்புறம் பல்லாங்குழி. 14 குழி ஆட்டம் இந்த வயதுக்கு அதிகம், ஒரு வரிசை போதும். குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டே எண்ணட்டும். பக்கத்திலேயே இருங்கள், முடிந்ததும் டப்பாவை உயரத்தில் வைத்துவிடுங்கள்; மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது. வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் கொட்டையே வேண்டாம்.

எண் சொல்லித்தரும் வீடியோக்களை நான் அடியோடு நிறுத்திவிடவில்லை. இரண்டிலிருந்து நான்கு வயதுக்கு, நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதற்குள் நிறுத்துவதே பெரும்பாடு.

இப்போது எங்கள் வீட்டில் அப்பளம் பங்கு வைப்பது அவள்தான். ஆளுக்கு இரண்டு. அவள் தட்டில் மட்டும் மூன்று இருக்கும்.