பிளான்டேஷன் ஏ, பீபெரி, செர்ரி: ஃபில்டர் காபிக்கு அராபிகா தேர்ந்தெடுப்பது எப்படி?

காபிக் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகளின் விலைப்பலகையில் பல நேரங்களில் 'அராபிகா' என்ற காபி இனத்தின் பெயரே இருக்காது. பிளான்டேஷன் ஏ, பிளான்டேஷன் பி, பீபெரி, ரோபஸ்டா செர்ரி என்றுதான் எழுதியிருப்பார்கள். 'நூறு சதம் அராபிகா' என்று அச்சிட்ட பாக்கெட்டிலோ அந்த ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இருக்காது. முதல் வகைப் பலகையில்தான் தகவல் அதிகம். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தியக் காபி வணிகத்தில் 'பிளான்டேஷன்' என்றாலே அராபிகாதான். பழுத்த பழத்தின் தோலை உரித்து, வழவழப்பை நீக்கிக் கழுவி, மேலோட்டோடு காயவைத்து எடுத்த அராபிகாவுக்கு மட்டுமே அந்தப் பெயர். இன்னொரு காபி இனமான ரோபஸ்டாவை இதே முறையில் கழுவிப் பதப்படுத்தினால் 'ரோபஸ்டா பார்ச்மென்ட்'. பழத்தை உரிக்காமல் அப்படியே களத்தில் உலர்த்தி, பிறகு உடைத்து எடுத்தால் 'செர்ரி'. அராபிகாவிலும் செர்ரி உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. கழுவிய கொட்டையில் சுவை தெளிவாகவும் மெல்லிய புளிப்போடும் இருக்கும். செர்ரியில் திடம் கூடும். களத்தில் சரியாகக் கிளறாமல் விட்டிருந்தால் மண்வாடையும் சேர்ந்துவிடும்.

ஏ, பி, சி எழுத்துகள் சுவையைச் சொல்வதில்லை, அளவை மட்டும் சொல்கின்றன. கொட்டைகளைத் துளையிட்ட சல்லடைகளில் போட்டுப் பிரிக்கிறார்கள். 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் பெரும்பகுதி தங்கினால் ஏ, 6 மில்லிமீட்டரில் தங்கினால் பி. இன்னும் பெரியவற்றுக்கு ஏஏ. கொட்டைகள் ஒரே அளவில் இருந்தால் வறுபடுவதும் ஒரே சீராக இருக்கும். ஏ தரத்தின் உண்மையான பலன் அதுதான். நல்ல தோட்டத்து பி, சாதாரணத் தோட்டத்து ஏ-யைச் சுவையில் எளிதாக முந்திவிடும், விலையும் குறைவு. பாலில் கலந்து குடிப்பவர்கள் பி வாங்கத் தயங்கவே வேண்டாம்.

பீபெரி விஷயத்தில்தான் ஏமாறுபவர்கள் அதிகம். காபிப் பழத்துக்குள் பொதுவாக இரண்டு விதைகள் தட்டையான பக்கத்தால் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடும். அதுதான் பீபெரி. தனி ரகம் அல்ல, தனிச் செடியும் அல்ல. அராபிகாவிலும் வரும், ரோபஸ்டாவிலும் வரும். எனவே பலகையில் வெறுமனே 'பீபெரி' என்று இருந்தால் 'பிளான்டேஷன் பீபெரியா, ரோபஸ்டா பீபெரியா?' என்று கேளுங்கள். உருண்டையாக இருப்பதால் டிரம்மில் நன்றாக உருண்டு சீராக வறுபடும் என்பது உண்மை. அதற்கு மேல் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

அராபிகா எதில் வேறுபடுகிறது

எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள்தான் அராபிகாவின் பிறப்பிடம். ரோபஸ்டா இனமும் யூஜினியாய்டிஸ் என்ற இன்னொரு காபி இனமும் இயற்கையாகக் கலந்து உருவான செடி அது. அதாவது ரோபஸ்டா அதற்குப் பெற்றோர் முறை. ஆனால் குணத்தில் இரண்டும் வெகு தூரம். அராபிகாவில் காஃபின் ஏறக்குறைய 1.2 சதம், ரோபஸ்டாவில் 2.2 சதம். அராபிகாவில் சர்க்கரையும் கொழுப்பும் கூடுதல். நறுமணமும் இனிப்புச் சாயலும் அங்கிருந்துதான் வருகின்றன. ரோபஸ்டாவின் கசப்புக்குக் காஃபினும் ஒரு காரணம். மாலையில் காபி குடித்தால் தூக்கம் கெடுகிறது என்பவர்களுக்கு அராபிகாவுக்கு மாறுவதில் நேரடிப் பயன் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் 'ஸ்ட்ராங்' என்று சொல்லும் அந்தக் கெட்டித்தன்மையும் நாக்கில் தங்கும் கசப்பும் பெரும்பாலும் ரோபஸ்டாவும் சிக்கரியும் தருபவை. பழகிய தூளை விட்டு ஒரே நாளில் சுத்த அராபிகாவுக்குப் போனால் 'தண்ணியா இருக்கே' என்றுதான் முதலில் தோன்றும். அது தூளின் குறையல்ல. கலவையை மெதுவாக மாற்ற வேண்டும், அல்லது டிகாக்ஷனை இன்னும் கெட்டியாக இறக்க வேண்டும்.

கொட்டையைப் பார்த்தே கண்டுபிடிக்க

முடிந்தவரை தூளாக இருப்பதை வாங்காமல், கொட்டையைப் பார்த்து அரைக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் இருபது கொட்டைகள் போதும். அராபிகா நீள்வட்டமாக, தட்டையாக இருக்கும். நடுக்கோடு எஸ் போல நெளிந்திருக்கும். ரோபஸ்டா சிறுத்து உருண்டிருக்கும், கோடு ஏறக்குறைய நேராக ஓடும். வறுத்த பிறகும் இந்த வேறுபாடு மறையாது. கழுவிய அராபிகாவின் நடுக்கோட்டில் வறுத்த பின்னும் வெளிர் நிறத் தோல் மிச்சமிருக்கும்.

இருபதில் இரண்டு மூன்று கொட்டைகள் மட்டும் மற்றவற்றைவிட வெளிறித் தெரிந்தால் அவை காயாகப் பறித்தவை. அவற்றில் சர்க்கரை போதாததால் நிறம் ஏறாது. டிகாக்ஷனில் வேர்க்கடலைத் தோல் போன்ற சுவை வரும். ஊசித் துளை தெரிந்தால் காய்த்துளைப்பான் வண்டு குடைந்தது. மீடியமாக வறுத்த கொட்டையின் மேல் எண்ணெய் பளபளத்தால் வறுத்துப் பல வாரம் ஆகியிருக்கலாம். கருக வறுத்ததில் முதல் நாளிலேயே எண்ணெய் கசியும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பச்சைக் கொட்டையாகவே வைத்திருக்கும் கடையென்றால் நிறத்தைப் பாருங்கள். புதிய பிளான்டேஷன் நீலம் கலந்த பச்சையாக இருக்கும். ஓர் ஆண்டு தாண்டினால் வெளுத்து மஞ்சளாகி, கோணிச்சாக்கு வாடை ஏறும். நம் பக்கம் அராபிகா அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை நடக்கிறது. தோட்டத்தில் காயவைத்து, ஆலையில் ஓடு நீக்கித் தரம் பிரித்துக் கடைக்கு வர மார்ச் ஆகிவிடும். 'புது அறுவடைச் சரக்கு வந்துவிட்டதா?' என்று கேட்கச் சரியான காலம் அதுதான்.

ஊரும் உயரமும்

இந்தியாவில் அராபிகாவுக்கு உகந்த உயரம் ஏறக்குறைய 1000 முதல் 1500 மீட்டர். குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும். கொட்டை இறுகி, சுவை சேரும். சிக்கமகளூரு, பாபாபுதன்கிரி, குடகு, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகிய நான்கின் அராபிகாவுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஏற்காட்டை உள்ளடக்கிய சேர்வராயன் மலையும், தாண்டிக்குடியைச் சுற்றிய பழனி மலைப் பகுதியும் அராபிகா நிலங்கள். பழனி மலையில் ஆரஞ்சும் மலைவாழையும் மிளகும் காபியோடு ஊடாக வளர்கின்றன. இந்த மலைகளின் கொட்டை பெயரே தெரியாமல் பொதுக் கலவைகளில் கரைந்துபோகிறது. தோட்டத்தின் பெயரோடு விற்பவர் யாரேனும் கிடைத்தால் அவசியம் வாங்கிப் பாருங்கள்.

பாக்கெட்டில் 'எஸ்.795' என்று இருந்தால் அது இந்தியாவிலேயே உருவாக்கிய ரகம். 1940-களில் வெளியானது, இன்றும் பரவலாக நிற்கிறது. திடமும் புளிப்பும் அளவோடு இருப்பதால் பாலோடு நன்றாகப் பொருந்தும். 'மான்சூன் மலபார்' என்பது ரகத்தின் பெயர் அல்ல. மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் மழைக்காலக் காற்றுப்பட வைத்து ஊறச் செய்த செர்ரி. கொட்டை பருத்து வெளிர் மஞ்சளாகும், புளிப்பு அநேகமாக நீங்கிவிடும். காபியில் புளிப்பே ஆகாது என்பவர்களுக்கு ஏற்றது.

எந்த வறுவல், எவ்வளவு சிக்கரி

கொட்டை வறுபடும்போது இரண்டு முறை வெடிக்கும். முதல் வெடிப்பு 200 டிகிரி செல்சியஸை ஒட்டி, சோளப்பொரி போலச் சத்தமாகக் கேட்கும். இரண்டாவது 225 டிகிரியை ஒட்டி, சுள்ளி முறிவதுபோல மெலிதாக. ஃபில்டருக்கு முதல் வெடிப்பு அடங்கி, இரண்டாவது தொடங்கும் முன் இறக்கிய கொட்டைதான் சரி. அதைவிட இளசாக இறக்கினால் பாலில் புளிப்பு துருத்தும். பால் சற்றுப் பழையதாக இருந்தால் திரிந்தும் போகலாம். இரண்டாம் வெடிப்பைத் தாண்டிக் கருக்கிவிட்டால் சிக்கமகளூரு, ஏற்காடு என்ற பேதமெல்லாம் போய்க் கரிச்சுவை ஒன்றே மிஞ்சும். நல்ல அராபிகாவுக்குக் காசு கொடுத்துவிட்டு 'நல்லா கறுப்பா வறுங்க' என்று சொல்வது அந்தக் காசை எரிப்பதுதான்.

சிக்கரி என்பது வறுத்த வேர். காஃபின் இல்லை, நிறமும் கெட்டியும் கசப்பு கலந்த இனிப்பும் தரும். காபி-சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதம் இருக்க வேண்டும், விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுத் தர விதி. ஆகவே 49 சதம் வரை சிக்கரி சட்டப்படியே இருக்கலாம். முன்பக்கம் 'பிளான்டேஷன்' என்று பெரிதாக எழுதிய பாக்கெட்டையும் திருப்பிப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் குளிர்ந்த நீரில் அரைக் கரண்டி தூளைத் தூவுங்கள். காபி மிதக்கும், சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்தபடி அடிக்குப் போகும்.

பால் காபிக்குத் தொடக்கக் கலவையாக, 500 கிராமுக்கு பிளான்டேஷன் ஏ அல்லது பி 315 கிராம், ரோபஸ்டா பார்ச்மென்ட் அல்லது ரோபஸ்டா பீபெரி 135 கிராம், சிக்கரி 50 கிராம். அடுத்த முறை சிக்கரியைப் பாதியாக்குங்கள். அதற்கடுத்த முறை அதை எடுத்துவிட்டு ரோபஸ்டாவைக் குறையுங்கள். பால் சேர்க்காமல் குடிப்பவர்கள் நேராகச் சுத்த பிளான்டேஷனுக்குப் போகலாம். அரைக்கும் முன்பே 'சிக்கரி வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்; இயந்திரத்தில் முந்தையவரின் கலவை ஒட்டியிருக்கும் என்பதால் முதலில் விழும் ஒரு பிடித் தூளைத் தனியே எடுக்கச் சொல்வதும் நல்லது.

அராபிகாவுக்கு ஏற்ப ஃபில்டர்

சிக்கரி நீரை உறிஞ்சி உப்பி, வடிவதை மெதுவாக்கும். அது இல்லாத தூளில் நீர் சரசரவென இறங்கிவிடும். சுத்த அராபிகா டிகாக்ஷன் நீர்த்துப்போவதற்கு முதல் காரணம் இதுதான். எனவே வழக்கத்தைவிட ஒரு படி நைசாக அரைக்கச் சொல்லுங்கள். விரலில் தேய்த்தால் சன்ன ரவையைவிட மென்மையாக, ஆனால் லேசான நறநறப்போடு இருக்க வேண்டும். மைதா போல ஆகிவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும்.

மூன்று தம்ளருக்கு 30 கிராம் தூள், 180 மில்லி நீர். ஃபில்டர் உலர்ந்திருக்கட்டும். தூளைப் போட்டுச் சமமாகத் தட்டி, குடையை (காம்பு வைத்த துளைத்தட்டு) வைத்து மெதுவாக அமுக்குங்கள். நீர் தளதளவெனக் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். முதலில் 40 மில்லி மட்டும் வட்டமாக ஊற்றுங்கள். தூள் புதிதென்றால் உப்பிக் குமிழி விடும். குமிழியே வராவிட்டால் பழைய தூள். அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடிவிடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் 120 மில்லி அளவுக்கு டிகாக்ஷன் இறங்கும். மிச்ச நீரைத் தூளே பிடித்துக்கொள்ளும். தம்ளருக்கு 40 மில்லி டிகாக்ஷன், 100 மில்லி சூடான பால். கள்ளிச்சொட்டாக வேண்டுமானால் நீரை 150 ஆக்குங்கள், தூளைக் கூட்ட வேண்டாம்.

ஐந்து நிமிடத்திலேயே எல்லாம் வடிந்துவிட்டால் அரவை பெரிது அல்லது குடையை அமுக்கவில்லை. அரை மணி ஆகியும் நின்றிருந்தால் முதலில் மேல் பாத்திரத்தை ஒரு நொடி தூக்கி வையுங்கள். மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் இறுகப் பொருந்தி உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். அதிலும் நகராவிட்டால் துளைகளில் தூள் அடைத்திருக்கிறது. எவர்சில்வர் ஃபில்டரென்றால் வெறும் மேல் பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டி, ஆறியதும் பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

புளிப்பு தூக்கலாக இருந்தால் நீர் ஆறிப்போயிருக்கும், இல்லையென்றால் வறுவல் இளசு. சுவையே மொட்டையாக இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். உப்பு மிகுந்த போர் தண்ணீரில் அராபிகாவின் இனிய புளிப்பு அடங்கிவிடும். குடிநீரில் ஒருமுறை வடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆறிய டிகாக்ஷனை அடுப்பில் நேரே வைக்காதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். இரண்டாம் டிகாக்ஷனை அராபிகாவில் எதிர்பார்க்க வேண்டாம். நல்லதெல்லாம் முதலிலேயே இறங்கிவிடும்.

வறுத்த கொட்டை மூடிய டப்பாவில் மூன்று நான்கு வாரம் தாங்கும். தூள் இரண்டு வாரத்துக்குள் தீர வேண்டும், ஆகவே ஒரு முறைக்கு 250 கிராமுக்கு மேல் அரைக்காதீர்கள்; மேலே சொன்ன 500 கிராம் கலவையையும் இரண்டு தவணையாக அரையுங்கள். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் ஆறவிட்டு மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துத் தினமும் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஈரம் கோத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து தள்ளிய இருட்டு அலமாரி போதும். டப்பாவின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் வறுத்த தேதி, கடை சொன்ன தரம், கலவை விகிதம் மூன்றையும் எழுதி ஒட்டி வையுங்கள். பிடித்துப்போனால் அடுத்த முறை அந்தச் சீட்டைக் கடையில் நீட்டினால் போதும்.