எடை குறைந்தது, கல்லும் கரைந்தது

யாங்கோன் வெயிலில் குடித்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விடும். என் எடையும் கூடியிருந்தது. விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடித்தது வலி. எக்ஸ்ரேயில் தெரியாத சிறுநீரகக் கல் ஸ்கேனில் தெரிந்தது: யூரிக் அமிலம் என்ற உடல் கழிவு சேர்ந்து உண்டான கல்.

உடல் பருத்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அமிலத்தை மட்டுப்படுத்தும் அம்மோனியாவைச் சிறுநீரகம் குறைவாக உண்டாக்கும், சிறுநீரில் அமிலத்தன்மை ஏறும், யூரிக் அமிலம் கரையாமல் கல்லாகும். இதை டாக்டர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்க டாக்டர் தந்த பொட்டாசியம் சிட்ரேட் மருந்தைக் குடித்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளைச் சிறுநீரில் நனைத்து 6.5 வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். தினம் 2.5 லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர். யூரிக் அமிலத்தை ஏற்றும் கருவாட்டைக் குறைத்தேன். காலையில் கண்டோஜி ஏரிக்கரையில் நடை. பட்டினி கிடந்து இளைக்காதீர்கள், அதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றும்.

அப்புறம் எடுத்த ஸ்கேனில் கல் இல்லை. சிட்ரேட்டை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.