எமினெமைப் பற்றி வாதாடுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

சென்னையில் ராப் கேட்கிற நாலு பேர் ஒன்று சேர்ந்தால் அமெரிக்க வெள்ளை ராப்பர் எமினெமைப் பற்றிய பேச்சு வராமல் போகாது. டீக்கடையோ பெசன்ட் நகர் மணலோ, பத்தே நிமிடத்தில் லாவணிப் பாட்டில் வருகிற எரிந்த கட்சி, எரியாத கட்சி மாதிரி இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். "அவன் மாதிரி எழுத எவனாலயும் முடியாது மச்சி" என்பது ஒரு கட்சி. "பொம்பளைங்களை அப்படி அசிங்கமா பாடுறவன்லாம் கலைஞனா?" என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் சரக்கு இருக்கிறது. ஆனால் ஒன்றை எடுத்து மற்றதை அடிக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் பேச்சு கெடுகிறது.

திறமைக்குச் சாட்சியாக வேகத்தைக் காட்டுவதிலிருந்தே சறுக்கல் தொடங்கிவிடும். 2013இல் வந்த 'ராப் காட்' பாட்டில் 6 நிமிடம் 4 நொடிக்குள் 1,560 சொற்கள். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு இது. சரி, ஆனால் வேகம் பழகப் பழக வருகிற வித்தை. எமினெமின் கைவரிசை ஓசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆரஞ்ச்' என்ற சொல்லோடு ஒலி சேருகிற சொல்லே கிடையாது என்பார்கள். 2010இல் '60 மினிட்ஸ்' டிவி நிகழ்ச்சியில், பேட்டி எடுத்த ஆண்டர்சன் கூப்பரிடம் அதை அவர் உடைத்துக் காட்டினார். ஃபோர் இன்ச், டோர் ஹிஞ்ச், ஸ்டோரேஜ், போரிட்ஜ், ஜார்ஜ் என்று அடுக்கிக்கொண்டே போனார். எழுத்தில் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் முன்பாதியை 'ஓர்' என்று இழுத்து, பின்பாதியைச் சற்று நசுக்கிச் சொன்னால் எல்லாம் ஒரே வார்ப்பில் வந்து விழும். எதுகை மோனையில் வளர்ந்த நம் காது எழுத்தைத் தேடுகிறது. அவர் வேலை பார்ப்பதோ உயிரொலியிலும் அழுத்தத்திலும். அதனால் கூகுளில் வரிகளைத் தேடிப் படித்துவிட்டு "இதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்பது வீண். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அவரை ஒற்றை ராஜாவாக்குவதும் அதே வகைதான். இந்தக் கலை கறுப்பின மக்களுடையது. அவர் வளர்ந்தது டெட்ராய்ட்டில், தூக்கிவிட்டவர் கறுப்பின ராப் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரே. 2022இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் எமினெமைச் சேர்த்தபோது, தனக்கு வழிகாட்டிய ராப்பர்களின் பெயர்களை மேடையில் நீளமாக வாசித்தார். அவர் ரசிகர்களில் பலர் அந்தப் பட்டியலில் பாதிப் பேரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாடல்வரிகளுக்கு வருவோம். இங்கே இரண்டு தரப்பும் சறுக்குகிறது. எல்லா வரியும் வாக்குமூலம் என்று படிக்கிறது ஒரு தரப்பு. "அது ஸ்லிம் ஷேடி டா, அந்த கேரக்டர் பேசுது, அவன் இல்ல" என்று, பாட்டுகளில் அவர் போட்டுக்கொள்கிற வேடத்தின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறது மறு தரப்பு.

முதல் தரப்புக்குப் பதில் வேண்டுமானால் 2000இல் வந்த 'ஸ்டான்' போதும். வெறிபிடித்த ரசிகன் ஒருவன் எழுதும் கடிதங்கள்தான் பாட்டு. முதல் இரண்டு சுற்றிலும் பென்சில் தாளில் உரசுகிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவதில் பென்சில் இல்லை. குடித்துவிட்டு மழையில் கார் ஓட்டிக்கொண்டே கேசட்டில் பேசுகிறான். கர்ப்பிணியான காதலி டிக்கியில் கிடக்கிறாள். இந்தக் கேசட்டை எப்படி அனுப்புவது என்ற நினைப்பு அவனுக்கு வருவதே கார் தண்ணீரில் விழுவதற்குச் சற்று முன்புதான். நான்காவது சுற்று அந்த நட்சத்திரத்தின் பதில் கடிதம். தாமதமாக வருகிறது, நிதானமாக, அக்கறையாக: காதலியை நல்லபடியாக நடத்து, யாரிடமாவது ஆலோசனை கேள் என்று. எழுதிக்கொண்டே போகையில், செய்தியில் பார்த்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்து, அது யார் என்பது கடைசி வரியில்தான் அவருக்கு உறைக்கிறது. இதைக் கேட்டுவிட்டு அவருக்குப் பாத்திரம் படைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதே ஆல்பத்தில் 'கிம்' இருக்கிறது. மனைவியின் நிஜப் பெயரையே தலைப்பாக வைத்து, அவளைக் கொல்வதாக அலறுகிற பாட்டு. அம்மாவைப் பற்றிச் சொன்னதற்கு 1999இல் அம்மாவே மானநஷ்ட வழக்குப் போட்டார். நிஜ ஆளின் நிஜப் பெயர் வந்துவிட்ட பிறகு 'கேரக்டர்' என்ற கேடயம் எவ்வளவு தூரம் தாங்கும்? பல வருடம் கழித்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு 'ஹெட்லைட்ஸ்' என்ற பாட்டை அவர் போட்டதே அந்த வரிகள் நிஜ ஆளைத் தொட்டன என்பதற்குச் சாட்சி. கேட்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று: 'கிம்' இருக்கிற ஆல்பத்தின் 'க்ளீன்' பதிப்பில், அதாவது கெட்ட வார்த்தைகளை வெட்டிய பதிப்பில், அந்தப் பாட்டு கிடையாது, அதன் இடத்தில் வேறு பாட்டு. அந்தப் பதிப்பை மட்டும் கேட்டுவிட்டு "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வசை கலையாகுமா என்ற கேள்வியே நமக்கு வரக் கூடாது. 'வசைபாடக் காளமேகம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மொழி நம்முடையது. நான் கேட்பது வேறு: திட்டு வாங்குகிறவர் கையில் மைக் இருக்கிறதா? ராப் பேட்டிலில், அதாவது இரண்டு பேர் மாறி மாறி வசைபாடும் போட்டியில், எதிரே நிற்பவனுக்கு அடுத்த முறை வரும், திருப்பி அடிப்பான். வீட்டில் இருக்கிற மனைவிக்கு எந்த முறையும் வராது. இதே கேள்வியை நம்ம ஊர்ப் பாட்டுகளிடமும் கேட்கலாம். ஹிப்ஹாப் தமிழாவின் 'க்ளப்புல மப்புல' பெண்களைப் பேசிய விதத்துக்காக விமர்சனம் வாங்கியது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது கானாவும் ராப்பும் சேர்ந்து கோபப்பட்டன, ஆனால் அந்தக் கோபம் மேலே இருக்கிறவர்களைப் பார்த்துப் போனது. இரண்டும் 'கோபமான பாட்டு' என்று ஒரே பெட்டியில் போடக் கூடியவை அல்ல.

"எல்ட்டன் ஜானே கூடப் பாடிட்டாரே, அப்புறம் என்ன?" என்பது இன்னொரு குறுக்குவழி. எல்ட்டன் ஜான் தான் ஓரினச்சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன பிரிட்டிஷ் பாடகர். 2001 பிப்ரவரியில் கிராமி அரங்குக்கு வெளியே எமினெமின் வரிகள் ஓரினச்சேர்க்கையாளர்களை இழிவுபடுத்துகின்றன என்று அவர்களுடைய உரிமை அமைப்பினர் எதிர்ப்புக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே இருவரும் 'ஸ்டான்' பாடினார்கள். அது எல்ட்டன் ஜானின் முடிவு. வெளியே நின்றவர்களின் கேள்வியை அது தள்ளுபடி செய்யவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, கின்னஸில் ஏறிய அதே 'ராப் காட்' மீதும் அதே புகார் எழுந்தது.

இனி சினிமா. '8 மைல்' 2002 நவம்பரில் வந்தது, இயக்கம் கர்ட்டிஸ் ஹான்சன். அதை வாழ்க்கை வரலாறாகப் பார்க்காதீர்கள். அது ஸ்காட் சில்வர் எழுதிய, 1995இல் நடக்கிற கற்பனைக் கதை. நாயகன் ஜிம்மி ஸ்மித். ஊரும் வறுமையும் பேட்டிலும் எமினெமுடையவை. கத்தரித்தது சினிமா. எதைக் கத்தரித்தார்கள் என்பதற்குத் தொழிற்சாலை வாசலில் மதியச் சாப்பாட்டு வண்டி நிற்கிற காட்சியைப் பாருங்கள். ஓரினச்சேர்க்கையாளரான சக தொழிலாளியை ஒருவன் ராப்பில் கேலி செய்கிறான். ஜிம்மி குறுக்கே புகுந்து அந்தத் தொழிலாளிக்காகப் பாடுகிறான். கூட்டம் ஆரவாரிக்கிறது. எப்படி ஜெயிக்கிறான் தெரியுமா? அதே வசைச்சொல்லைத் திருப்பி எதிராளி மேல் ஒட்டி. ஆல்பங்களில் வாங்கிய கெட்ட பெயரைப் படம் கழுவவும் செய்கிறது, கழுவுகிற தண்ணீரிலேயே கறையும் இருக்கிறது. அவருடைய பாடல்வரிகளைப் பற்றி எந்தக் கட்டுரையையும்விட இந்த ஒரு காட்சி அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

"ஆஸ்கர் வாங்கின நடிகர்" என்று சொல்வதையும் விடலாம். 2003இல் ஆஸ்கர் கிடைத்தது 'லூஸ் யுவர்செல்ஃப்' பாட்டுக்கு, சிறந்த பாடல் பிரிவில். அந்தப் பிரிவில் வென்ற முதல் ராப் பாட்டு அது. விழாவுக்கு அவர் போகவே இல்லை, கூட எழுதிய லூயிஸ் ரெஸ்டோ வாங்கிக்கொண்டார்.

நடிப்பு நன்றாக இருந்ததா? இருந்தது, ஆனால் கடைசிப் பேட்டிலை இன்னொரு முறை போட்டுப் பார்க்கும்போது கண்ணை எதிராளி மேல் வையுங்கள். தான் வெள்ளையன், அம்மாவோடு டிரெய்லரில் கிடக்கிறவன், அடி வாங்கியவன் என்று தன் குறைகளையெல்லாம் ஜிம்மியே முந்திக்கொண்டு கொட்டிவிடுகிறான். பிறகு எதிரே நிற்பவன் தனியார் பள்ளியில் படித்தவன், நிஜப் பெயர் கிளாரன்ஸ் என்று போட்டு உடைத்துவிட்டு மைக்கைக் கொடுக்கிறான். கிளாரன்ஸுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. மைக்கோடு நிற்கிற அந்தச் சில நொடிகளைச் சுமப்பவர் நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைக்கல்லூரியில் நடிப்புப் படித்த ஆண்டனி மேக்கி. ஜிம்மியின் வெற்றியில் பாதி அந்த முகத்தில் இருக்கிறது.

ராப்பர் என்றால் மேடைக்கூச்சம் கிடையாது, நடிப்பு தானாக வந்துவிடும் என்று கோடம்பாக்கத்திலும் பேச்சு உண்டு. படங்களிலும் நடித்த அமெரிக்க ராப்பர் டூபாக் ஷகூரை உதாரணம் காட்டுவார்கள். அவர் பால்டிமோரில் கலைப்பள்ளிக்குப் போய் நடிப்புப் படித்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். ஹிப்ஹாப் தமிழா ஆதி 2017இல் 'மீசைய முறுக்கு' எடுத்தபோது தன் கதையை ஒட்டிய கதையில், தானே இயக்கி, தானே நடித்தார். தெரிந்த தரையில் முதல் அடி வைப்பது புத்திசாலித்தனம். இரண்டாவது அடியில்தான் சோதனை. எமினெம் அந்த இரண்டாவது அடியை வைக்கவே இல்லை. '8 மைல்' வசூலைக் குவித்த பிறகும் 'ஃபன்னி பீப்பிள்', 'தி இன்டர்வியூ' போன்ற படங்களில் எமினெம் என்ற நிஜ ஆளாகவே வந்து தலைகாட்டியதோடு சரி. 'சவுத்பா' என்ற குத்துச்சண்டைக் கதையை அவரை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். 2015இல் படம் வந்தபோது நாயகன் ஜேக் ஜில்லன்ஹால். எமினெம் பாட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.