வீட்டுக்கு ரியூசன் ஒழுங்கு செய்யும்போது யாழ்ப்பாணத்துப் பெற்றோர் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு ரியூசன் தேடுவதும் கலியாணம் பேசுவது போலத்தான். தெரிந்தவர் ஒருவர் இன்னொருவரைச் சொல்வார். "நல்ல சேர், எங்கட மூத்தவளுக்கு ஏ வந்தது அவராலதான்" என்பார். அடுத்த கிழமையே சேர் வந்து விறாந்தையில் இருப்பார். தெரிந்தவர் அனுப்பிய ஆளிடம் காசு, நேரம், சரிவராவிட்டால் நிறுத்துவது பற்றியெல்லாம் எப்படிக் கதைப்பது? முகத்தாட்சண்யம் விடாது. பின்னால் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பங்கு இப்படிக் கேட்காமல் விட்ட கேள்விகளால் வருவதுதான்.

ஆனால் அதற்கும் முன்னாலேயே ஒரு தவறு நடந்துவிடுகிறது. பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று பார்க்காமலே ஆளைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். "கணிதம் ஓடுதில்லை" என்பதை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் ஒன்றும் செய்ய முடியாது. கடைசித் தவணைப் பரீட்சையின் விடைத்தாளைக் கையில் எடுங்கள். பத்தாம் தரப் பிள்ளை இருபடிச் சமன்பாட்டில் புள்ளி இழந்திருக்கும். வழியைப் பார்த்தால் சமன்பாடு சரியாகத் தொடங்கி, பின்னத்திலோ திசைகொண்ட எண்களிலோ பிழைத்திருக்கும். அது ஏழாம், எட்டாம் தரத்து ஓட்டை. பத்தாம் தரப் பாடத்தை எத்தனை தரம் திருப்பிப் படிப்பித்தாலும் அது அடைபடாது. இன்னொரு பிள்ளைக்கு வரலாறு முழுக்கத் தெரியும், மூன்று மணித்தியாலத்துக்குள் எழுதி முடிக்கத்தான் தெரியாது. அதற்கு ரியூசனே தேவையில்லை. கடந்தகால வினாத்தாளும், மேசையில் ஒரு மணிக்கூடும், பக்கத்தில் பொறுமையாக இருக்க ஒரு ஆளும் போதும்.

இலக்கும் வீட்டுக்கு வீடு வேறு. உயர்தரம் (12, 13ஆம் தரம்) படிப்பதற்குப் பொதுவாகக் கேட்கப்படுவது, பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தி (சி அல்லது அதற்கு மேல்). ஆகவே கணிதத்தில் எப்படியாவது ஒரு எஸ், அதாவது சாதாரண சித்தி, எடுத்துவிட்டால் போதும், கலைப்பிரிவில் நன்றாக வந்துவிடும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகள் ஏராளம். ஏ எடுப்பிக்கிற சேர் என்று ஊரில் பெயர் எடுத்தவர் இந்தப் பிள்ளைக்குப் பொருத்தமானவர் என்று சொல்ல முடியாது. அவர் கெட்டிக்காரரோடு வேகமாக ஓடிப் பழகியவர். எஸ்ஸுக்குப் போராடும் பிள்ளைக்கு வேண்டியது, ஒரே கணக்கை நாலாவது தரம் கேட்டாலும் முகம் சுளிக்காத ஒருவர், பாட அலகுகளில் எதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று துணிந்து சொல்லத் தெரிந்தவர். அப்படியானவர்களின் பெயர் பதாகைகளில் வருவது குறைவு.

மொழிமூலத்தைக் கேட்க மறப்பது இன்னொன்று. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு, தமிழ்மூலம் படித்து வந்தவர் ஆங்கில வினாத்தாளை வைத்துத் தமிழில் விளங்கப்படுத்துவார். பிள்ளைக்கு விளங்கும். பரீட்சையில் எழுதும்போதுதான் சொல் வராது. அதேபோல, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றால் இப்போதைய பாடத்திட்டத்துக்குத் தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட ஆசிரியர் வழிகாட்டி அவரிடம் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல ஆசிரியர் அதைக் கேட்டதற்குச் சந்தோசப்படுவார்.

பல்கலைக்கழகப் பிள்ளைகளை வைப்பது பற்றி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை அண்டிய திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் கிடைப்பது சுலபம். என் பார்வையில் இது நல்ல தெரிவு. அண்மையில்தான் அதே பரீட்சையை எழுதியவர்கள். பிள்ளையும் "அண்ணா", "அக்கா" என்று கூச்சமில்லாமல் கேள்வி கேட்கும். தவறு எங்கே வருகிறதென்றால், அவர்களுக்கும் பரீட்சை இருக்கிறது என்பதை மறப்பதில். வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்து அறை எடுத்து இருப்பவர் விடுமுறை விட்டதும் ஊருக்குப் போவார். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவரை வைத்தால், அனுமதி வந்த கிழமையே ஆள் இல்லை. உங்கள் பிள்ளைக்குப் பரீட்சை எந்த மாதம், அவருக்கு எந்த மாதம் என்று முதல் நாளே நாட்காட்டியை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் குறை சொல்லிப் பயனில்லை.

காசு, நேரம்

மாதக் காசா, மணித்தியாலக் கணக்கா? சேர் வராத நாளுக்கு என்ன செய்வது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது? நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடி வீதிகள் மறித்திருக்கும்போது அந்தப் பக்கத்து வீடுகளுக்கு எப்படி வருவது? இவற்றை முதலே ஒரு வட்சப் செய்தியில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் போதும். வகுப்பு நடந்த நாட்களைச் சுவர்க் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பல மாதக் காசை முற்பணமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் சரிவராத ஆசிரியரை நிறுத்தவே மனம் வராது.

வெளிநாட்டிலிருக்கும் மாமா காசு அனுப்பும் வீடுகளில் இது இன்னும் சிக்கல். காசு கொடுப்பவர் கனடாவில், படிப்பது பிள்ளை, பேசுவது அம்மா. யாருக்கும் முழுக்கதை தெரியாது.

தேத்தண்ணீரையும் சொல்ல வேண்டும். சேர் வந்ததும் தேத்தண்ணீர், வடை, பிறகு வீட்டாரோடு ஒரு நாட்டுநடப்புக் கதை. ஒரு மணித்தியால வகுப்பில் இருபது நிமிடம் அதோடு போய்விடும். வகுப்பு முடிந்த பிறகு கொடுங்கள்.

இரண்டு கிழமை பரீட்சார்த்தமாக நடத்துவோம் என்று சொல்லித் தொடங்குவது எல்லோருக்கும் நல்லது. அந்த நாட்களில் பக்கத்து அறையிலிருந்து கவனியுங்கள். பேனை யாருடைய கையில் இருக்கிறது? ஆசிரியரே கணக்கு முழுவதையும் செய்துகாட்ட, பிள்ளை தலையாட்டிக்கொண்டு இருந்தால், வகுப்பு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் பயன் குறைவு.

கதவு திறந்திருக்கட்டும்

பலர் சொல்லத் தயங்கும் விடயம் இது. வகுப்பு விறாந்தையிலோ மண்டபத்திலோ நடக்கட்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். ஆண்பிள்ளைக்கும் இதே விதிதான். ஆசிரியர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் இதை மாற்ற வேண்டாம். நேர்மையான ஆசிரியருக்கும் இது பாதுகாப்புத்தான். ஆசிரியர் வீட்டுக்குப் பிள்ளை போவதென்றால், திரும்பி வரும் ஒழுங்கையில் வெளிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை இருட்டியபின் நீங்களே சைக்கிளில் போய்ப் பாருங்கள். பிள்ளை திடீரென்று "நான் அந்த வகுப்புக்குப் போகேல்ல" என்றால் சோம்பல் என்று முடிவு கட்டாமல் ஏன் என்று தனியாகக் கேளுங்கள். அடி, மிரட்டல், தகாத நடத்தை எதுவாக இருந்தாலும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பிள்ளையின் சொந்த வகுப்பாசிரியரிடமே காசுக்குப் படிக்க விடுவதைத் தவிர்ப்பது நல்லது. நிறுத்தவேண்டி வந்தால் அந்தச் சங்கடத்தோடு பிள்ளை தினமும் அதே வகுப்பில் இருக்க வேண்டும்.

கடைசியாக நேரக் கணக்கு. ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலை ஒன்றரைக்கு விடும். பிறகு பலரோடு இருந்து படிக்கும் ரியூட்டரி, அதன் பிறகு வீட்டில் தனி வகுப்பு. இதற்குள் பிள்ளை தானே புத்தகத்தை விரித்து ஒரு கணக்கைத் தனியாகச் செய்துபார்ப்பது எப்போது? தனி வகுப்பு ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்றால், ஏற்கனவே போகிற ஒன்றை நிறுத்துங்கள். அதிலும் தரம் 5 புலமைப்பரிசில் கட்டாயப் பரீட்சை அல்ல. அதற்காக மூன்றாம் தரத்திலேயே சேர் தேடுபவர்களுக்கு நான் சொல்வது, பின்னேரத்தில் பிள்ளையை விளையாட விடுங்கள் என்பதுதான். தேசியப் பரீட்சைகளுக்கு முந்தைய நாட்களில் பரீட்சைகள் திணைக்களம் அறிவிக்கும் திகதியிலிருந்து ரியூசன் வகுப்புகளுக்குத் தடை வந்துவிடும். "கடைசிக் கிழமையில் எல்லாத்தையும் மீட்டிப்போடலாம்" என்று சொல்லும் ஆசிரியரிடம் அந்தத் திகதிக்கு முன்னால் என்னென்ன முடியும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.