உங்கள் பேஸ்பால் அணி குளிர்காலத்தில் செய்த ஒப்பந்தத்தை எடைபோடுவது எப்படி?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் உலகத் தொடர் முடிந்த மறுநாளே ரசிகர்களின் வாக்குவாதப் பருவம் தொடங்கிவிடும். யாரை எடுத்தார்கள், யாரைக் கைவிட்டார்கள், பணத்தை வீணடித்தது யார் என்ற பேச்சு பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம் திறக்கும்வரை ஓயாது. நான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகன். 2020 பிப்ரவரியில் மூக்கி பெட்ஸை எங்கள் அணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டபோது எழுந்த கோபத்தில் பாதி தவறான ஆள்மீது பாய்ந்தது என்பது கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே புரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு விரிதாளைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் வரிசையில் பார்த்த பின்னரே கருத்துச் சொல்கிறேன். ஆட்டத்தின் விதிகளும், ஃப்ரீ ஏஜென்ட் என்றால் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒப்பந்தம் உறுதியானதா என்று பாருங்கள்

நிருபர் ஒருவர் செய்தி வெளியிட்டதும் அதை முடிந்த காரியமாக எண்ணி வாதிடத் தொடங்காதீர்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்து அணி முறைப்படி அறிவிக்கும்வரை அது வெறும் உடன்பாடுதான். 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரேயா சான்பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுடன் 13 ஆண்டுகளுக்கு 35 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார். அவருடைய காலின் பழைய காயம் குறித்து மருத்துவர்கள் ஐயம் எழுப்பியதால் அது முறிந்தது. பிறகு நியூயார்க் மெட்ஸுடன் 12 ஆண்டுகளுக்கு 31.5 கோடி டாலர் என்று பேசப்பட்டதும் அதே காரணத்தால் நின்றுபோனது. கடைசியில் 2023 ஜனவரியில் மினசோட்டா ட்வின்ஸ் 6 ஆண்டுகளுக்கு 20 கோடி டாலர் உறுதியளித்துக் கையெழுத்திட்டது. இடைப்பட்ட வாரங்களில் மூன்று நகரங்களின் ரசிகர்கள் எழுதிய அலசல்களில் பெரும்பகுதி பயனற்றுப் போயிற்று.

படி 2: ஒரே தொகையை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். விரிதாளில் மூன்று பத்திகள் இடுங்கள்: மொத்தத் தொகை, அந்தந்த ஆண்டில் கைக்குப் போகும் பணம், ஆடம்பர வரிக் கணக்கில் ஏறும் தொகை. இந்த மூன்றும் ஒன்றல்ல. தலைப்புச் செய்தியில் வருவது முதல் பத்தி மட்டுமே. அணி நிர்வாகம் அடுத்த வீரரை எடுக்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மூன்றாவது பத்தி.

இந்த லீகில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்குக் கடுமையான உச்சவரம்பு கிடையாது. அதற்குப் பதிலாக ஓர் எல்லைக்கோடு உண்டு. அது 2025-இல் 24.1 கோடி டாலர், 2026-இல் 24.4 கோடி டாலர். அதைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு ஆடம்பர வரி. முதல் ஆண்டு தாண்டும் அணிக்கு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டில் 30, மூன்றாம் ஆண்டு முதல் 50. இதற்கு மேலும் 2 கோடி தாண்டினால் கூடுதலாக 12 சதவீதம் சேரும். 4 கோடியைத் தாண்டினால் கூடுதல் விகிதம் இன்னும் ஏறி, 6 கோடிக்கு அப்பால் 60 சதவீதமாகிறது. 2022-இல் லீகும் வீரர் சங்கமும் கையெழுத்திட்ட தொழிலாளர் உடன்படிக்கையின் விகிதங்கள் இவை. அந்த உடன்படிக்கை 2026 டிசம்பர் 1 அன்று காலாவதியாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 2026-இல் ஓர் அணியின் வரிக் கணக்கு 27.4 கோடி டாலர் என்று கொள்வோம். எல்லையை 3 கோடி தாண்டியிருக்கிறது. முதல் முறை தாண்டும் அணியாக இருந்தால், முதல் 2 கோடிக்கு 20 சதவீதமாக 40 லட்சமும், மீதி 1 கோடிக்கு 32 சதவீதமாக 32 லட்சமும் சேர்த்து 72 லட்சம் டாலர் கட்ட வேண்டும். தொடர்ந்து மூன்றாம் ஆண்டாகத் தாண்டும் அணிக்கோ அதே 3 கோடிக்கு 1.62 கோடி டாலர் வரி. அந்த அணி ஏற்கெனவே 6 கோடிக்கு மேல் தாண்டியிருக்குமானால், ஆண்டுக்கு 1 கோடி கேட்கும் ஒரு ரிலீஃப் பிட்சர் உண்மையில் 2.1 கோடிக்கு வந்து விழுவார். ஒரே வீரர் ஓர் அணிக்கு மலிவாகவும் இன்னோர் அணிக்குக் கட்டுப்படியாகாதவராகவும் இருப்பது இதனால்தான். 'பக்கத்து அணி எடுத்தார்களே, நாம் ஏன் எடுக்கவில்லை' என்ற கேள்விக்கு விடை பல சமயம் இந்தப் பத்தியிலேயே கிடைத்துவிடும்.

வரிக் கணக்கில் ஏறுவது அந்த ஆண்டின் சம்பளம் அல்ல. கையெழுத்து ஊக்கத்தொகையையும் சேர்த்த மொத்தத்தின் ஆண்டுச் சராசரி. ஆரன் ஜட்ஜ் 2022 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸுடன் 9 ஆண்டுகளுக்கு 36 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு 4 கோடி ஏறும். ஹுவான் சோட்டோ 2024 டிசம்பரில் மெட்ஸுடன் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி, ஆண்டுக்கு 5.1 கோடி. இதுவரை எளிது.

ஷோஹெய் ஓட்டானியின் ஒப்பந்தத்தில்தான் சிக்கல். 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அவருக்கு 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் என்று அறிவித்தது. பத்தால் வகுத்து ஆண்டுக்கு 7 கோடி என்று எழுதிவிட்டால் கணக்கு தவறு. அவர் ஆண்டுக்கு 20 லட்சம் மட்டும் வாங்கிக்கொள்கிறார். மீதி 68 கோடியை 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடியாக, வட்டியில்லாமல், அணி கொடுக்கும். பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால், வரிக் கணக்கில் அதை 4.43 சதவீத வட்டியில் கழித்துப் பார்த்தார்கள். விரிதாளின் ஒரு கட்டத்தில் =6.8/(1.0443^10) என்று இட்டுப் பாருங்கள்; சுமார் 4.41 வரும். அதனுடன் 0.2 சேர்த்தால் 4.61 கோடி. ஆக, 70 கோடி டாலர் வீரர் வரிக் கணக்கில் சோட்டோவைவிடக் குறைவான தொகையாகவே ஏறுகிறார். இந்த ஒரு கட்டத்தை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால், பின்னால் கொடுக்கும் பணம் பற்றி எந்த விவாதத்திலும் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

இதைப் பேசும்போதெல்லாம் பாபி பொனிய்யாவைப் பலர் இழுத்துவருகிறார்கள். மெட்ஸ் அவருக்கு 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் ஏறத்தாழ 11.9 லட்சம் டாலர் கொடுத்துவருகிறது. ஆனால் அது 2000-இல் அவரை விடுவித்தபோது பாக்கியிருந்த 59 லட்சத்தை 8 சதவீத வட்டியுடன் தள்ளிவைத்த ஏற்பாடு. ஓட்டானிக்கு வட்டியே கிடையாது. இரண்டும் ஒரே வகை என்று வாதிடுவது சரியல்ல.

எதை எங்கே பார்ப்பது: வரிக் கணக்குக்கு ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் ராஸ்டர்ரிசோர்ஸ் பக்கமே என் முதல் தேர்வு. ஒப்பந்தத்தின் நுணுக்கமான நிபந்தனைகளுக்கு காட்ஸ் (Cot's) என்ற இணைய ஒப்பந்தப் பட்டியல் நல்லது. வீரரின் மதிப்பை வார் (WAR: ஒரு சாதாரண மாற்று வீரரைவிட எத்தனை வெற்றிகள் கூடுதலாகத் தருகிறார் என்ற கணக்கு) அளவீட்டில் பார்ப்பதானால் ஏதேனும் ஒரு தளத்தோடு நில்லுங்கள். பிட்சர்களுக்கு ஃபேன்கிராஃப்ஸ் ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் ஆகியவற்றிலிருந்து கணக்கிடுகிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் அவர் உண்மையில் விட்டுக்கொடுத்த ரன்களிலிருந்து தொடங்குகிறது. ஒரு வீரருக்கு இதையும் இன்னொருவருக்கு அதையும் எடுத்து ஒப்பிட்டால் நியாயமான முடிவு வராது.

படி 3: பணம் தவிர வேறு என்ன போனது?

பழைய அணி நீட்டும் ஓராண்டு ஒப்பந்தமான தகுதிச் சலுகையை மறுத்து வரும் வீரரை எடுத்தால், வரி கட்டிய அணி தன் இரண்டாவது, ஐந்தாவது டிராஃப்ட் தேர்வுகளையும் வெளிநாட்டு இளம் வீரர்களுக்கான நிதியில் 10 லட்சம் டாலரையும் இழக்கிறது. இதையும் எழுதி வையுங்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு, புதியவர் யாருடைய இடத்தில் நிற்கப்போகிறார் என்பதில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ரெட் சாக்ஸ் அலெக்ஸ் பிரெக்மனை 3 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலருக்கு எடுத்தது. நல்ல வீரர், நல்ல ஒப்பந்தம் என்றே நானும் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் ஆடும் மூன்றாம் பேஸில், 10 ஆண்டுகளுக்கு 31.35 கோடி டாலருக்குக் கையெழுத்திட்ட ரஃபேல் டெவர்ஸ் ஏற்கெனவே இருந்தார். டெவர்ஸ் பந்தடிப்பு மட்டும் செய்யும் இடத்துக்கு மாற்றப்பட்டார். மே மாதத்தில் முதல் பேஸ் வீரர் டிரிஸ்டன் காசாஸ் முழங்காலில் காயமடைந்ததும் அங்கே ஆடும்படி கேட்டபோது டெவர்ஸ் மறுத்தார். ஜூன் 15 அன்று அவர் ஜயண்ட்ஸுக்கு அனுப்பப்பட்டார். ஒப்பந்தம் சரியாக இருந்தும் அதைக் கையாண்ட விதம் அணியின் சிறந்த பந்தடிப்பாளரை இழக்கச் செய்தது. எனவே வீரரை எடுத்த முடிவுக்கும், ஏற்கெனவே இருக்கும் வீரரிடம் அதைப் பேசி நடத்திய முறைக்கும் தனித்தனியாக மதிப்பெண் இடுங்கள்.

படி 4: முடிவெடுத்தவர் யார்?

பெட்ஸ் கதைக்கு வருகிறேன். ரெட் சாக்ஸ் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் எல்லையைத் தாண்டியிருந்தது. 2020-இலும் தாண்டினால் 50 சதவீத விகிதம். 2019 செப்டம்பரில் வீரர் தேர்வுக்குப் பொறுப்பான தலைமை நிர்வாகி டேவ் டொம்ப்ரவ்ஸ்கி நீக்கப்பட்டார். அந்த மாதமே, அடுத்த ஆண்டு வரி எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று முதன்மை உரிமையாளர் ஜான் ஹென்றி வெளிப்படையாகச் சொன்னார். டொம்ப்ரவ்ஸ்கியின் இடத்தில் ஹைம் ப்ளூம் பொறுப்பேற்றது அதற்குப் பிறகு, அக்டோபரில். பெட்ஸின் 2020 சம்பளம் 2.7 கோடி, அந்தப் பருவத்துக்குப் பின் அவர் ஃப்ரீ ஏஜென்ட். அவரோடு டேவிட் பிரைஸும் டாட்ஜர்ஸுக்குப் போனார். அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் ஆகியோர் பாஸ்டனுக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பெட்ஸ் டாட்ஜர்ஸுடன் 12 ஆண்டுகளுக்கு 36.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். இலையுதிர்காலத்தில் உலகத் தொடரையும் வென்றார்.

கிடைத்த வீரர்கள் போதாது என்று ப்ளூமைக் குறை சொல்லலாம். அது அவர் பேரம் பேசிய காரியம். சம்பளப் பட்டியல் சுருங்க வேண்டும் என்ற கட்டளையோ மேலிருந்து வந்தது. 2023 செப்டம்பரில் ப்ளூம் நீக்கப்பட்டபோது பலர் கணக்கு தீர்ந்தது என்று மகிழ்ந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரிதாளில் 'உத்தரவு', 'செயல்' என்று இரண்டு பத்திகள் வைத்து, உரிமையாளர் பொதுவெளியில் சொன்னதைத் தேதியோடு முதல் பத்தியில் எழுதுங்கள். பழி யாரைச் சேரும் என்பது அப்போது தெளிவாகும்.

படி 5: தீர்ப்புக்கு நாள் குறியுங்கள்

டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 2021-இல் 102 ஆட்டங்களில் தோற்ற பின் கோரி சீகரை 32.5 கோடிக்கும் மார்கஸ் செமியனை 17.5 கோடிக்கும் எடுத்தது. 2022-இல் அந்த அணி 94 ஆட்டங்களில் தோற்றது. வீண் செலவு என்ற குரல் ஓங்கியது. 2023-இல் உலகத் தொடரை வென்றார்கள். தொடரின் சிறந்த வீரர் சீகர். மறுபக்கம், 2019 உலகத் தொடரின் சிறந்த வீரரான ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு வாஷிங்டன் நேஷனல்ஸ் 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி கொடுத்தது; காயங்களால் அந்த ஒப்பந்தத்தில் அவர் பந்துவீசியது எட்டே ஆட்டங்கள். முதல் ஆண்டு முடிவை வைத்து ஒப்பந்தத்தை அளக்காதீர்கள். கையெழுத்தான நாளில் தெரிந்திருந்த வயது, காயவரலாறு, மாற்று வீரர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்துவிட்டு, மூன்றாம் பருவத்தின் முடிவில் திறந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். முதலாவது, இடையில் விலகும் உரிமை பற்றியது. அந்த உரிமை வீரருடையது. நன்றாக ஆடினால் விலகுவார், மோசமாக ஆடினால் தங்குவார். ஆகவே அணியின் பார்வையில் அதைச் செலவாகவே எழுதுங்கள். பிரெக்மன் முதல் பருவம் முடிந்ததுமே விலகினார். சோட்டோ ஐந்தாம் ஆண்டின் முடிவில் விலகலாம். ஆனால் மீதிப் பத்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் உயர்த்திக் கொடுத்து மெட்ஸ் அதைத் தடுத்துவிட முடியும். இரண்டாவது, வீரரோடு பணமும் சேர்த்து அனுப்பினால் வரி யார் கணக்கில் ஏறும் என்பது. அனுப்பிய பணம் அனுப்பிய அணியின் கணக்கிலேயே ஏறும். பிரைஸுக்குப் பாக்கியிருந்த 9.6 கோடியில் பாதியைப் பாஸ்டன் ஏற்றுக்கொண்டது. பெட்ஸ் பரிமாற்றத்தின் விலையை எழுதும்போது அந்த 4.8 கோடியைப் பாஸ்டன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.